ரெடிஸா, போஸ்ட்கிரெஸா? முதலில் ‘ஸ்ரீ’யைக் கவனியுங்கள்!

“சின்னக் கடைக்கு இணையதளம் போடுகிறோம். ரெடிஸ் போடலாமா, போஸ்ட்கிரெஸ் போதுமா, வெக்டர் டேட்டாபேஸ் தனியாக வாங்க வேண்டுமா?” இந்தக் கேள்வி முன்பெல்லாம் சென்னை, பெங்களூரு சாஃப்ட்வேர் கம்பெனிகளின் மீட்டிங் அறைகளைத் தாண்டி வெளியே வந்ததில்லை. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் படிக்கும் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்டில் வருகிறது. கைத்தறிச் சேலை வியாபாரம் செய்பவருக்கு வரும் கொட்டேஷனிலும் வருகிறது. கொட்டேஷனில் ஏ.ஐ. என்ற இரண்டு எழுத்து சேர்ந்துவிட்டால் தொகையில் ஒரு பூஜ்யமும் சேர்ந்து கொள்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது வேகம், எது புதுசு என்ற ஒப்பீட்டு அட்டவணைகள் நம்மைப் போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் அவ்வளவாக உதவாது. நாம் தேடுவது ‘அதே’ பொருளையா, ‘அது போல’ ஒன்றையா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கேஷ் என்பது ‘அதே’வுக்கான கருவி. வெக்டர் தேடல் என்பது ‘அது போல’வுக்கான கருவி. இரண்டையும் ஒரே சாஃப்ட்வேரில் கொடுக்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒரே வேலை என்று ஆகிவிடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

பேச்சுக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியம் இருக்கிறது. கைத்தறி நெசவு நடக்கும் ஊர். அங்கே ஒருவர் 3,000 சேலைகளைப் போட்டோ எடுத்து, விலை போட்டு, இணையத்தில் விற்க நினைக்கிறார். ஒரு சேலைக்கு அவர் கையில் நிற்கும் லாபம் கொஞ்சம்தான். மாதாமாதம் டாலரில் வாடகை கட்டும் சர்வீஸ் ஒன்றை அவர் தலையில் கட்டினால், அந்தப் பணம் தறியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியிலிருந்தோ இவருடைய லாபத்திலிருந்தோதான் போக வேண்டும். எனவே அவருக்கு என்ன தேவை என்று பார்த்துவிடுவோம்.

பால்கோவாவும் கேஷும்

கேஷ் என்றால் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சும்மா இல்லை!) நீங்கள் போய் அரைக் கிலோ கேட்டதும் கடைக்காரர் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. அரைக் கிலோ பாக்கெட்டுகள் முன்னாலேயே அடுக்கி இருக்கின்றன. எடுத்துக் கொடுக்கிறார். தீர்ந்து போனால் உள்ளேயிருந்து வரும். பாக்கெட்டில் இத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று தேதி இருக்கும். கேஷிலும் அப்படித்தான். அடிக்கடி கேட்கப்படும் விடையை ராம் மெமரியில் தயாராக வைத்திருப்பார்கள். இத்தனை நொடி கழித்து இதைத் தூக்கிப் போட்டுவிடு என்று ஒரு கெடுவும் வைப்பார்கள். அதற்கு டி.டி.எல். என்று பெயர்.

இது நிஜமாகவே உயிர் காக்கும் இடங்கள் உண்டு. நம் நாட்டில் அதற்கு நல்ல உதாரணம் ரயில் டிக்கெட்தான். பொதிகை எக்ஸ்பிரஸில் தட்கல் டிக்கெட்டுக்காகக் காலை 10 மணிக்கோ 11 மணிக்கோ மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்தவர்களுக்கு அந்த நிமிடத்தின் நெரிசல் தெரியும். பழைய ஐ.ஆர்.சி.டி.சி. தளம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 டிக்கெட்டோடு மூச்சு வாங்கியது. ரயில்வேயின் கம்ப்யூட்டர் அமைப்பான கிரிஸ் உருவாக்கிய புதிய அமைப்பு 2014 ஏப்ரலில் வந்தது. அதன் திறன் நிமிடத்துக்கு 7,200 டிக்கெட். புதிய சர்வர்களோடு, ஜெம்ஃபயர் என்ற சாஃப்ட்வேரும் இதற்குக் கைகொடுத்தது. டேட்டாவைப் பல சர்வர்களின் ராமில் பரப்பி வைத்திருப்பது அதன் வேலை. சும்மா பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது, அவர்கள் அத்தனை பேரையும் மூல டேட்டாபேஸின் வாசலுக்கு அனுப்பாமல் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பதில் சொல்லி அனுப்புவதுதான் இதன் சூட்சுமம்.

அதிலேயே கேஷின் குணமும் தெரிந்துவிடும். டிக்கெட் பார்க்கும் ஆப்கள் பலவற்றில் “2 மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம்” என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கேஷ். பார்க்கலாம், நம்பிப் பெட்டி கட்டக் கூடாது. சீட்டு உங்களுக்குத்தானா என்பதை மூல டேட்டாபேஸ்தான் சொல்ல வேண்டும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். மெம்கேஷ்டி 2003-ல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதியது. எளிமையானது. கரண்ட் போனால் உள்ளே இருந்த எல்லாம் போச்சு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கேஷ் என்றால் போகலாம் என்றுதான் அர்த்தம். ரெடிஸ் 2009-ல் வந்தது. எழுதியவர் இத்தாலிக்காரர் சால்வடோர் சான்ஃபிலிப்போ. ராமில் இருப்பதை அவ்வப்போது டிஸ்க்கில் படம் பிடித்து வைக்கும் வசதி, எண்ணிக்கை, வரிசை, பட்டியல் என்று பல வடிவங்கள் எல்லாம் இதில் உண்டு. எனக்கும் பிடித்த சாஃப்ட்வேர்தான். ஆனால் 2024 மார்ச்சில் அதன் லைசென்ஸை மாற்றினார்கள். உடனே அமேசான், கூகுள், ஆரக்கிள் போன்றவர்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் வால்கீ என்று பிரித்துக்கொண்டு போனார்கள். 2025 மே மாதம் ரெடிஸ் 8-வது பதிப்பில் ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல லைசென்ஸும் திரும்ப வந்தது. சொந்தக் கடைக்குப் பயன்படுத்துகிறவருக்கு இந்தச் சண்டையால் பாதிப்பு இல்லை. மாணவர்கள் மட்டும் எந்தப் பதிப்பு, எந்த லைசென்ஸ் என்று புராஜெக்ட் ரிப்போர்ட்டில் சரியாக எழுதுங்கள். இன்னொரு விஷயம், ரெடிஸுக்கு விண்டோஸில் நேரடி அதிகாரப்பூர்வப் பதிப்பு கிடையாது. டபிள்யூ.எஸ்.எல். என்ற லினக்ஸ் வசதியை விண்டோஸுக்குள் போட்டு அதற்குள் ஓட்ட வேண்டும்.

நம் சேலைக் கடைக்கு இதில் எது? எதுவும் வேண்டாம் என்பேன். 3,000 சேலையின் பெயர், விலை, நிறம், அளவு எல்லாம் சேர்ந்தாலும் சில எம்.பி.தான் வரும். அதை ஒருமுறை படித்ததும் ஆபரேட்டிங் சிஸ்டமே ராமில் வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் தனக்கென்று 128 எம்.பி. மெமரியை ஆரம்பத்திலேயே ஒதுக்கிக்கொள்கிறது. உங்கள் மொத்தச் சரக்கும் அதற்குள் அடங்கிப் போகும். அதாவது கேஷ் ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுக்காமலே.

தளம் மெதுவாக இருக்கிறதே என்றால், திருடன் வேறு இடத்தில் இருக்கிறான். செல்போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஒன்று 4 எம்.பி. ஒரு பக்கத்தில் 20 சேலை என்றால் 80 எம்.பி.! உலகத்தின் எந்த டேட்டாபேஸும் இதைக் காப்பாற்றாது. போட்டோவை 150 கே.பி.க்குச் சுருக்குங்கள். அதை வாடிக்கையாளரின் பிரௌசரே ஒரு மாதம் வைத்துக்கொள்ளும்படி சர்வரில் ஒரு வரி எழுதுங்கள். இதுவும் கேஷ்தான். இதற்கு யாரும் கொட்டேஷன் போடுவதில்லை!

மயில் கழுத்துக் கலர்

இனி ‘அது போல’ விஷயம். ஒரு ஊரை அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களால் குறிக்கலாம். ராஜபாளையத்தின் எண்களும் ஸ்ரீவில்லிபுத்தூரின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சென்னையின் எண்கள் தள்ளி இருக்கும். எண்களைப் பார்த்தே எந்த ஊர் எதற்குப் பக்கம் என்று சொல்லிவிடலாம். இதே போல ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ படத்தையோ நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றிவிட்டால், எண்கள் பக்கத்தில் இருப்பவை பொருளிலும் பக்கம். அந்த எண் வரிசைக்குத்தான் வெக்டர் என்று பெயர். கூகுள் 2020-ல் வெளியிட்ட லாப்சே என்ற மாடல் தமிழ் உட்பட 109 மொழிகளின் வாக்கியங்களை 768 எண்களாக மாற்றும். “மஞ்சள் சேலை” என்று தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் எண்கள் அருகருகே வந்து நிற்கும். உண்மையிலேயே அருமையான விஷயம், மறுக்கவில்லை.

ஆனால் சேலை வாங்குபவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். மயில் கழுத்து, மாம்பழக் கலர், அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, வெங்காயக் கலர், காப்பிப்பொடிக் கலர். இவையெல்லாம் சேலைக்கடையின் பாஷை. உலகம் முழுக்க உள்ள இணையப் பக்கங்களைப் படித்து வளர்ந்த மாடலுக்கு ‘மயில் கழுத்து’ என்றால் பறவை ஞாபகம் வரும். மயில் பார்டர் போட்ட சிவப்புச் சேலையைக் கொண்டு வந்து நீட்டும். ‘வெங்காயக் கலர்’ என்று அடித்தால் வெளிர் ரோஸ் வரவேண்டும் என்பது கடையில் பத்து வருடம் சேலை மடித்தவருக்குத் தெரியும். அவரை உட்கார வைத்து, ஒரு எக்செல் ஷீட்டில் 60 வரி எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் வாடிக்கையாளர் சொல்லும் சொல், வலது பக்கம் நம் பட்டியலில் உள்ள சொல். ஒரு சாயங்கால வேலை. இந்த 60 வரி, விலை உயர்ந்த எந்த வெக்டர் சர்வீஸையும் விட அந்தக் கடைக்கு நன்றாக உழைக்கும். அதோடு, அந்த அறிவு கடையிலேயே தங்கும்.

வெக்டரே வேண்டாமா என்றால், வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு பெண்மணி கல்யாணத்தில் பார்த்த சேலையின் போட்டோவை அனுப்பி “இதே மாதிரி இருக்கா?” என்கிறார். இதைச் சொல்லால் தேட முடியாது. ஓபன்ஏஐ 2021-ல் வெளியிட்ட கிளிப் போன்ற மாடல்கள் படத்தை எண்களாக்கும். ஒரு படத்துக்கு 512 எண், ஒரு எண்ணுக்கு 4 பைட், ஆக 2 கே.பி. 3,000 சேலைக்கு 6 எம்.பி. ஒரு எம்.பி.3 பாட்டு அளவு! புதுப் படம் ஒன்று வந்தால் 3,000 வரிசைகளோடும் ஒப்பிட வேண்டும். 3,000 பெருக்கல் 512, அதாவது சுமார் 15 லட்சம் பெருக்கல். நொடிக்குக் கோடிக்கணக்கில் பெருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. படத்தை எண்ணாக மாற்றுவதற்குத்தான் நேரம் ஆகும், தேடுவதற்கு அல்ல. இதற்கு எதற்குத் தனி வெக்டர் டேட்டாபேஸ்?

அந்தக் கருவிகள் வீண் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை ஏறும்போது கணக்கு மாறும். 768 எண்கள் கொண்ட வரிசை 10 லட்சம் இருந்தால் 3 ஜி.பி. ஆகிவிடும். ஒவ்வொரு தேடலுக்கும் எல்லாவற்றோடும் ஒப்பிடுவது கட்டுப்படியாகாது. அங்கே எச்.என்.எஸ்.டபிள்யூ. என்ற முறை வருகிறது. யூரி மால்கோவும் டிமிட்ரி யாஷுனினும் 2016-ல் எழுதிய கட்டுரையில் வந்தது. ஊர் தெரியாதவர் முதலில் மாவட்டத் தலைநகருக்கு வந்து, அங்கே விசாரித்துத் தாலுகாவுக்கு வந்து, பிறகு தெருவுக்கு வருவது போல, அடுக்கடுக்காக இறங்கிப் பக்கத்தில் உள்ளதைக் கண்டுபிடிக்கும். வேகம் கிடைக்கும். ஆனால் சில சமயம் மிகப் பக்கத்தில் உள்ள ஒன்றை விட்டுவிடும். விளம்பரங்களில் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இந்த முறை ரெடிஸிலும் இருக்கிறது, போஸ்ட்கிரெஸோடு சேர்க்கும் பிஜிவெக்டரிலும் இருக்கிறது, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட குவாட்ரன்ட்டிலும் இருக்கிறது, மில்வஸிலும் இருக்கிறது. வித்தியாசம் எங்கே? ரெடிஸ் எல்லாவற்றையும் ராமில் வைப்பதால் வேகம், ஆனால் ராம் விலை அதிகம். குவாட்ரன்ட் தேவைப்பட்டால் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு ஓடும். மில்வஸ் கோடிக்கணக்கில் வெக்டர் வைத்திருப்பவர்களுக்கானது, அதை வீட்டில் முழுதாக நிறுவுவது ஆட்டோ ஸ்டாண்டுக்கு ரயில்வே யார்டு கட்டுவது போல. பிஜிவெக்டரின் பலம் வேறு. விலை, இருப்பு, பார்டர், வெக்டர் எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருக்கும். “இந்தப் படம் போல, ஆனால் 1,000 ரூபாய்க்குள், ஸ்டாக் உள்ளது” என்று ஒரே கேள்வியில் கேட்கலாம். சேலை விற்றுப் போனதும் இரண்டு இடத்தில் அழிக்க வேண்டியதில்லை. மாணவர்கள் கற்றுக்கொள்ள இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். விண்டோஸில் மட்டும் விஷுவல் ஸ்டுடியோ வைத்து கம்பைல் செய்ய வேண்டியிருப்பது ஒரு தொல்லை.

ஒரே ஊர், இரண்டு சாவி

இப்போது தலைப்பில் சொன்ன ‘ஸ்ரீ’க்கு வருகிறேன். எந்தக் கருவி வாங்கினாலும் நம் பக்கத்துக்காரர்கள் எல்லாரையும் ஒரு நாள் கவிழ்க்கப் போவது இதுதான்.

எக்செல்லில் ஒரு கட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அடியுங்கள். பக்கத்துக் கட்டத்தில் யுனிகோட் என்ற ஃபங்ஷனைப் போட்டு, முதல் கட்டத்தைக் காட்டுங்கள். முதல் எழுத்தின் எண் வரும். சிலருக்கு 3000 என்று வரும், சிலருக்கு 2998 என்று வரும். திரையில் பார்த்தால் பல ஃபாண்ட்டுகளில் இரண்டும் ஒரே ஸ்ரீ! காரணம் இதுதான். ஆரம்பத்தில் யுனிகோட்டில் இந்த எழுத்தை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று கோத்தார்கள். எண்களில் 3000, 3021, 2992, 3008. 2005-ல் வந்த யுனிகோட் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து புதிதாகச் சேர்ந்தது. அதன் எண் 2998. அதன் பிறகு முதல் எழுத்தாக ஸ-வுக்குப் பதில் ஶ வருவதுதான் சரி என்றார்கள். ஆனால் பழைய கீபோர்டுகளும் பழைய ஃபைல்களும் அப்படியே இருந்தன. இன்றும் இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன.

விளைவு? பட்டியலில் 3000 வகை ஸ்ரீ. வாடிக்கையாளர் செல்போனில் அடித்தது 2998 வகை. “எதுவும் கிடைக்கவில்லை” என்று பதில் வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தப்பு புலப்படாது. கேஷிலும் இதே கதை. கேஷுக்கு ‘அதே’ சாவிதான் வேண்டும், எனவே ஒரே ஊருக்கு இரண்டு சாவி, இரண்டு விடை. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது பழசாகவே நிற்கும். ரெடிஸ் ஆனாலும் வால்கீ ஆனாலும் இதில் ஒன்றும் செய்யாது, அது அதன் வேலையும் இல்லை.

யுனிகோட்டிலேயே நார்மலைசேஷன் என்ற சுத்திகரிப்பு உண்டே என்று கேட்பீர்கள். ‘ொ’வை ஒரே குறியாக அடித்ததையும், ‘ெ’யும் ‘ா’வுமாகப் பிரித்து அடித்ததையும் அது ஒன்றாக்கிவிடும். இரண்டு ஸ்ரீக்களை ஒன்றாக்காது. நாம்தான் செய்ய வேண்டும். பட்டியலில் தேடலுக்கென்று தனியாக ஒரு காலம் வையுங்கள். காட்டுவதற்கான பெயரைத் தொடாதீர்கள். தேடல் காலத்தில் ஶ்ரீ வந்த இடமெல்லாம் ஸ்ரீ என்று மாற்றுங்கள். தேட வரும் சொல்லையும் அதே மாற்றத்துக்கு உட்படுத்துங்கள். கூடவே திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர், பத்திரிகைக்காரர்கள் எழுதும் ‘ஸ்ரீவி’, வத்திராயிருப்புக்கு வத்ராப் என்று நாலு பெயரையும் அந்த 60 வரி ஷீட்டில் சேர்த்துவிடுங்கள்.

வெக்டர் தேடல் இந்த எழுத்துத் தப்புகளைத் தாண்டிப் போகுமே என்பவர்கள் உண்டு. ஓரளவு போகும். ஆனால் அதே குணம் வேறு இடத்தில் காலை வாரும். ஊர்ப் பெயர் சுந்தரபாண்டியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி மாவட்டத்தில் சூரியகாந்திப் பூக்களுக்குப் பெயர் போன சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. 2012-ல் சசிகுமார் நடித்து ‘சுந்தரபாண்டியன்’ என்று ஒரு படம் வந்தது. இந்த மாடல்கள் ஒரு சொல்லை முழுதாக விழுங்குவதில்லை, துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. மூன்றிலும் முதல் துண்டுகள் ஒன்றே. எனவே மூன்றின் எண்களும் பக்கம் பக்கமாகப் போய் நிற்க வாய்ப்பு அதிகம். மனிதருக்கு இவை மூன்று வெவ்வேறு விஷயம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், பில் நம்பர், விலை இவற்றிலெல்லாம் ‘அது போல’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டையும் கலந்தால்

கேஷையும் வெக்டரையும் கலந்து இப்போது விற்கப்படும் சரக்குக்கு செமான்டிக் கேஷ் என்று பெயர். ஏ.ஐ. சாட்பாட் ஒவ்வொரு கேள்விக்கும் காசு தின்கிறது. அதனால் முன்பு யாரோ கேட்ட கேள்வியைப் ‘போல’ இப்போதைய கேள்வி இருந்தால், பழைய பதிலையே எடுத்துக் கொடுத்துவிடும். 2023-ல் வந்த ஜிபிடிகேஷ் இதைப் பிரபலமாக்கியது. ரெடிஸ் கம்பெனியும் இதைச் சேவையாகத் தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பால்கோவாக் கடையில் நீங்கள் பால்கோவா கேட்டு, அவர் பால்கோவா ‘போல’ இருக்கிறது என்று பால்பேடாவைக் கட்டிக் கொடுத்தால்?

“சுந்தரபாண்டியத்துக்கு எந்த பஸ்?” என்று ஒருவர் கேட்டதற்கான பதில் கேஷில் இருக்கிறது. அடுத்தவர் “சுந்தரபாண்டியபுரத்துக்கு எந்த பஸ்?” என்கிறார். ஒரே துண்டுதான் வித்தியாசம். எல்லையைக் கொஞ்சம் தாராளமாக வைத்திருந்தால் முதல் பதிலே போகும். ஆள் வேறு மாவட்டத்துக்குப் போய் நிற்பார். “850 ரூபாய் சேலை இருக்கா?” “580 ரூபாய் சேலை இருக்கா?” இதுவும் அப்படியே. இன்னும் மோசம், “என் பார்சல் எங்கே இருக்கு?” இதை எல்லா வாடிக்கையாளரும் எழுத்து மாறாமல் கேட்பார்கள். ஒருவருடைய பார்சல் விவரம், விலாசத்தோடு, இன்னொருவருக்குப் போய்ச் சேரலாம். ஆளுக்கு ஆள் சாவியைப் பிரித்து வைத்தால் தடுக்கலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் கொட்டேஷன் கொடுத்தவர் அதைச் செய்திருக்கிறாரா என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? விடுமுறை நாள், கடை நேரம், சேலையை எப்படித் துவைப்பது போன்ற பொதுக் கேள்விகளுக்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கேள்விகளுக்கும் ஒரு பக்கம் எழுதி இணையதளத்தில் போட்டுவிட்டால் சாட்பாட்டே வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

இலவசமாகவே முடியும்

நம் கடைக்கு நான் போடும் கொட்டேஷன் இது. எஸ்க்யூலைட் என்ற ஒரே ஒரு ஃபைல். ரிச்சர்டு ஹிப் 2000-ல் வெளியிட்டது, பொதுச் சொத்தாகவே விடப்பட்டது, லைசென்ஸ் தகராறு வர வழியே இல்லை. உங்கள் செல்போனுக்குள்ளும் பிரௌசருக்குள்ளும் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சேலைப் பட்டியல், சொல் பட்டியல், போட்டோ வெக்டர் பட்டியல் என்று மூன்று டேபிள்.

சொல் தேடலுக்கு எஃப்.டி.எஸ்.5 என்ற வசதி அதனுடனேயே வருகிறது. ஆனால் தமிழுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்து நடங்கள். அதன் வழக்கமான பிரிப்பு முறை எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம்முடைய புள்ளி, கொம்பு, கால் எல்லாம் யுனிகோட் கணக்கில் எழுத்து இல்லை, குறி. எனவே ‘சேலை’ என்ற சொல்லை ச தனி, ல தனி என்று உடைத்துப் போட்டுவிடும்! டேபிளை உருவாக்கும்போதே கேட்டகரீஸ் என்ற இடத்தில் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். அல்லது 2020 இறுதியில் வந்த டிரைகிராம் முறையைப் போடுங்கள். அது மூன்று மூன்று எழுத்தாக வெட்டி அடுக்குவதால், ‘சேலை’ என்று தேடினால் ‘பட்டுச்சேலையில்’ என்பதும் சிக்கும். வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும் நம் மொழிக்கு இது ரொம்ப வசதி. போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு 2019-ல் வந்த 12-வது பதிப்பிலிருந்தே தமிழ்ச் சொல்லின் வாலை வெட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதையும் பலர் தொட்டுப் பார்ப்பதில்லை.

தேடும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஸ்ரீயைச் சரி செய்து ‘அதே’ சொல்லைத் தேடு. கிடைக்காவிட்டால் 60 வரி ஷீட்டைப் பார். போட்டோ அனுப்பினால் மட்டும் வெக்டருக்குப் போ. கிடைக்காமல் போன சொற்களையெல்லாம் ஒரு டேபிளில் எழுதி வை. மாதம் ஒருமுறை அதைப் பார்த்து ஷீட்டில் நாலு வரி சேர்த்தால் தேடல் தானாகவே நன்றாகிக்கொண்டு வரும். எந்தக் கலரை ஜனங்கள் கேட்கிறார்கள், நாம் நெய்வதில்லை என்பதும் அதிலேயே தெரியும். தறிக்காரரிடம் அடுத்த பாவுக்கு என்ன சாயம் என்று பேசும்போது அந்த டேபிள் கையில் இருக்கட்டும்.

இரண்டு மூன்று சர்வர், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் என்று கடை வளர்ந்தால் போஸ்ட்கிரெஸுக்கு மாறலாம். யார் லாகின் செய்திருக்கிறார்கள், கூடையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை எல்லா சர்வரும் பகிர வேண்டிய நிலை வரும்போது ரெடிஸோ வால்கீயோ கொண்டு வரலாம். சேலை எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டால் பிஜிவெக்டரில் எச்.என்.எஸ்.டபிள்யூ. போடலாம். அதுவரை அந்த ஒரு ஃபைலை வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா காப்பி, பேஸ்ட் செய்தால் ஃபைல் பாதியில் அறுந்து போகலாம். எஸ்க்யூலைட்டிலேயே பேக்கப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.